புல்லட் கொதிக்குதா? முதல்ல வெயிலைக் கழிச்சுட்டுப் பாரு!

சித்திரை பொறந்தா போதும், எனக்கு ஃபோன் வர ஆரம்பிச்சுடும். "அக்கா, வண்டி கொதிக்குதுக்கா, என்ன பண்றது?" நான் திருப்பிக் கேக்கிறது ஒண்ணே ஒண்ணுதான்: "மார்கழியில எவ்வளவு சூடு இருந்துச்சு?" அதுக்குப் பதில் வராது. குளிர் காலத்துல யாரும் ஆயில் சூட்டைப் பாக்கிறதே இல்ல. கத்திரி வெயில்ல மட்டும் பயந்து போய், தெர்மாமீட்டர் வாங்கி, 100 டிகிரின்னு பாத்துட்டு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கிறீங்க. உன் வண்டிக்கு 100 சரியா தப்பான்னு தெரியணும்னா, சாதாரண நாள்ல அது எவ்வளவுன்னு முதல்ல தெரிஞ்சிருக்கணும். உனக்கு நேரம் கிடையாது, தெரியும். அதனால எது அவசியமோ அதை மட்டும் சொல்றேன்.

இது பழைய கேஸ்ட் அயர்ன் என்ஜின் புல்லட் வெச்சிருக்கிறவங்களுக்கு. இங்கிலாந்துல ரெடிச்ங்கிற ஊர்ல உருவான டிசைன், பின்னாடி நம்ம சென்னை திருவொற்றியூர்லேயே தயாரானது. 346 சி.சி., இரும்பு பேரல், அலுமினிய ஹெட், காத்துதான் குளிர வைக்கணும். பின்னாடி வந்த யூ.சி.இ. என்ஜின் வண்டிக்கு ஆயில் வேற, அளவு வேற. அதுக்கு வண்டியோட வந்த புத்தகத்தைப் பாரு, நான் சொல்ற அளவை அதுல போடாதே.

ஒரு விஷயம் புரிஞ்சுக்கோ. இந்த வண்டியில ரேடியேட்டர் கிடையாது, ஃபேன் கிடையாது. உள்ள ஓடுறது கிட்டத்தட்ட ரெண்டே கால் லிட்டர் ஆயில்தான். என்ஜின் கேஸுக்குள்ளேயே ஒரு தனி அறை இருக்கு, அதுதான் ஆயில் டேங்க். அங்கேருந்து ஒரு பம்ப் ஆயிலை கிராங்குக்கு அனுப்புது, கீழ வழிஞ்சதை இன்னொரு பம்ப் வாரித் திரும்ப டேங்குக்கு அனுப்புது. ஹெட்டோட சூட்டைக் காத்து எடுத்துடும். ஆனா பிஸ்டனுக்கு அடியிலேயும், பிக் எண்ட்லேயும் காத்து எங்க போகும்? அந்த இடத்துச் சூட்டைச் சுமந்துட்டு வர்றது இந்த ரெண்டே கால் லிட்டர்தான்.

அளக்கிறது எப்படி?

1. பெரிய செலவு வேண்டாம். மல்டிமீட்டர் வாங்கும்போது கம்பி முனையில சூடு பாக்கிற ப்ரோப் (கே-டைப்னு கேளு) உள்ளதா வாங்கு. ஒரு 25 கிலோமீட்டர் ஓட்டி, என்ஜினை நிறுத்தி, ஆயில் குச்சியை எடுத்துட்டு அந்த ஓட்டை வழியா ப்ரோப்பை விடு. ஒரு நிமிஷத்துல எண் நிக்கும். ஓடுற என்ஜின்ல விடாதே, கம்பி எதுலயாவது மாட்டினா பம்பே போயிடும்.

2. குச்சியிலேயே டயல் வெச்ச தெர்மாமீட்டர் கிடைக்குது. நல்லதுதான், ஓடும்போதே குனிஞ்சு பாக்காத வரைக்கும். நிறுத்திட்டுப் பாரு.

3. தூரத்துலேர்ந்து சிவப்புப் புள்ளி அடிச்சுப் பாக்கிற இன்ஃப்ராரெட் கன் வெச்சிருக்கிறவங்க கவனமா கேளுங்க. பாலிஷ் போட்ட அலுமினியத்துல அடிச்சா அது பொய் சொல்லும். பளபளப்பான உலோகம் தன் சூட்டைச் சரியா வெளிய காட்டாது, அதனால எண் ரொம்பக் கம்மியா வரும். என்ஜின் கேஸ்ல ஆயில் டேங்க் இருக்கிற பக்கம், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு சைலன்சருக்கு அடிக்கிற கறுப்பு மேட் பெயிண்டால ஒரு பொட்டு வை. எப்பவும் அந்தப் பொட்டுலதான், ஒரு சாண் தூரத்துக்குள்ள வெச்சு அடிக்கணும். வருஷம் முழுக்க அதே இடம், அதே தூரம்.

4. ஒண்ணுமே இல்லையா? தண்ணி பாட்டில் இருக்குல்ல? விரல் நுனியை நனைச்சு ஒரே ஒரு சொட்டை என்ஜின் கேஸ் மேல விடு. சொட்டு உக்காந்து மெதுவா ஆவியா போச்சுன்னா 100-க்குக் கீழ. "ஸ்ஸ்"னு சத்தம் போட்டு அந்த நொடியே மறைஞ்சா 100 தாண்டிடுச்சு. ஒரு சொட்டுன்னா ஒரு சொட்டுதான். கை நிறைய அள்ளி ஊத்தாதே.

உள்ளங்கையை வெச்சுப் பாக்கிற பழக்கத்தை விட்டுடு. 60 டிகிரியிலேயே கை தாங்காது. ஓடி வந்த எந்த நல்ல புல்லட்டும் அதைவிடச் சூடாத்தான் இருக்கும். கை சுட்டதால என்ஜின் கெட்டுப் போச்சுன்னு அர்த்தம் இல்ல.

இப்போ அந்தக் கழித்தல் கணக்கு

என் வண்டியில எண் எழுதுற நோட்டு ஒண்ணு இருக்கு. வீட்டுல பால் கணக்கு எழுதுவோமே, அந்த மாதிரி. நாலே கட்டம்: தேதி, வெளியில எவ்வளவு வெயில், எவ்வளவு தூரம் எந்த வேகம், ஆயில் எவ்வளவு. டிசம்பர்ல ஒரு காலையில வெளிய 26, ஆயில் 86. அதே ரோடு, அதே 60 வேகம், மே மாசத்துல வெளிய 41, ஆயில் 101. முதல் தடவை பாக்கிறவங்க 101-ஐப் பாத்துப் பதறிடுவாங்க. கழிச்சுப் பாரு. ரெண்டு நாளும் 60 டிகிரி வித்தியாசம். என்ஜின் அப்படியேதான் இருக்கு, மாறினது வெயில்.

இன்னொரு வருஷம் செப்டம்பர்ல வெளிய 32, ஆயில் 104. எண்ணைப் பாத்தா மே மாசத்தைவிட மூணு டிகிரிதான் கூட. கழிச்சா 72. பன்னெண்டு டிகிரி எங்கேருந்து வந்துச்சு? பின் சக்கர பிரேக் ஷூ ட்ரம்ல உரசிக்கிட்டே இருந்திருக்கு. வண்டியை சென்டர் ஸ்டாண்டுல போட்டு வீலைச் சுத்தினப்போதான் தெரிஞ்சுது, அரைச் சுத்துல நின்னுடுச்சு. பாவம் என்ஜின், நாள் முழுக்க பிரேக்கோட மல்லுக்கட்டியிருக்கு.

அச்சு பிசகாம அதே வித்தியாசம் வரும்னு எதிர்பாக்காதே. எதிர்க்காத்து, பின்னாடி ஆள், மேடு எல்லாம் சேர்த்து அஞ்சாறு டிகிரி அங்க இங்க இருக்கும். பத்தைத் தாண்டினா மட்டும் ஏன்னு தேடு.

ஆயில் டேங்க்ல பாக்கிற எண்ணுக்கு நான் வெச்சிருக்கிற எல்லை இதுதான்:

- 60-க்குக் கீழ: முறுக்காதே. ஆயில் இன்னும் கெட்டியா இருக்கு.
- 80 முதல் 105 வரை: நிம்மதியா ஓட்டு.
- 105 முதல் 120: வேகத்தைக் குறை, அடுத்த நிழல்ல நிறுத்து.
- 120 தாண்டினா: அன்னைக்குப் பயணம் போதும். காரணம் கண்டுபிடிக்காம ஸ்டார்ட் பண்ணாதே.

120-க்கு ஏன் இவ்வளவு பயம்னு கேப்பே. நீ பாக்கிறது டேங்க்ல சேர்ந்து கொஞ்சம் ஆறின ஆயில். பிக் எண்ட்லேயும் எக்ஸாஸ்ட் வால்வ் பக்கத்துலேயும் அதைவிட அதிகம். சூடு ஏற ஏற ஆயில் நீர்த்துப் போகும். 20W-50 ஆயில் 40 டிகிரியில விளக்கெண்ணெய் கணக்கா இழுக்கும், 100-ல அதுல எட்டுல ஒரு பங்கு கெட்டிதான் மிச்சம். 130-ல அதுலேயும் பாதி போயிடும். அப்புறம் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவுல படலம் நிக்காது. இன்னொண்ணு, பத்து டிகிரி ஏறினா ஆயில் கெடுற வேகம் ரெண்டு மடங்கு ஆகும்ங்கிறது பொதுவான கணக்கு. ஒரு தடவை நல்லாக் கொதிச்ச ஆயிலை "இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும்"னு வெச்சுக்காதே. மாத்திடு. ஆயில் காசுக்குப் பாத்துட்டு கிராங்க் வேலைக்கு ஆயிரக்கணக்குல குடுக்கிறவங்களை நிறையப் பாத்துட்டேன்.

சூட்டுக்குக் காரணம் தேடுற வரிசை

இந்த வரிசையிலேயே பாரு. மேல இருக்கிறது எல்லாம் காசில்லாத வேலை. நிறைய பேர் கடைசியிலேர்ந்து ஆரம்பிக்கிறாங்க, அதனாலதான் பர்ஸ் காலியாகுது.

1. ஆயில் அளவு. காலையில எழுந்ததும் குச்சியை எடுத்துப் பாத்து "ஐயோ குறைஞ்சு போச்சு"ன்னு அரை லிட்டர் ஊத்தாதே! நாள் கணக்குல நின்ன புல்லட்ல டேங்க் ஆயில் பம்ப் வழியா மெள்ள மெள்ளக் கசிஞ்சு கிராங்க் பக்கம் கீழ இறங்கிடும். ஆயில் எங்கேயும் போகல, அறை மாறி உக்காந்திருக்கு. ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு, நிறுத்தி, அப்புறம் பாரு. இது தெரியாம ஊத்தினா, அதிகமான ஆயிலை கிராங்க் கடைஞ்சு கடைஞ்சு சூடாக்கும், மிச்சத்தை பிரீதர் பைப் வழியா ரோட்டுல துப்பும். குறைஞ்சாலும் சூடு, கூடினாலும் சூடு. மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழ இருந்தா போதும்.

2. ஃபின். பேரல்ல அடுக்கடுக்கா தகடு இருக்கே, அதுதான் உன் ரேடியேட்டர். அதுக்கு நடுவுல சேறும் ஆயிலும் சேர்ந்து அடை மாதிரி ஒட்டியிருக்கும். என்ஜின் நல்லா ஆறினப்புறம், மண்ணெண்ணெய் தொட்டு, பழைய துடைப்பத்துலேர்ந்து ஒரு ஈர்க்குச்சி உருவி ஒவ்வொரு சந்தா இழு. கம்பி பிரஷ்ஷைவிட இது நல்லா உள்ள போகும், கீறாது. பேரலுக்கும் ஹெட்டுக்கும் தடிமனா பெயிண்ட் அடிக்கிறது, க்ரோம் பூசுறது இதெல்லாம் வேண்டாம். அது சட்டைக்கு மேல ஸ்வெட்டர் போட்ட மாதிரி. அடிச்சே ஆகணும்னா மெல்லிசா, சூடு தாங்குற மேட் கறுப்பு. முன்னாடி கிராஷ் கார்டுல நாலு லைட்டு, ரெண்டு ஹாரன், ஒரு டூல் பெட்டின்னு மாட்டி வெச்சிருக்கியா? காத்து எந்த வழியா வரும்? கழட்டு.

3. பாயிண்ட். இதுலதான் நூத்துக்கு அறுபது வண்டி மாட்டும்னு என் அனுபவம் சொல்லுது. பாயிண்ட்டோட ஹீல் தேயத் தேய கேப் குறையும். கேப் குறைஞ்சா டைமிங் பின்னாடி போகும். ஸ்பார்க் லேட்டா விழுந்தா, பெட்ரோல் எரியிறது எக்ஸாஸ்ட் வால்வ் திறக்கிற நேரம் வரைக்கும் இழுக்கும். அந்தச் சூடு முழுக்க ஹெட்டுலேயும் சைலன்சர் பெண்ட்லேயும் இறங்கும். பெண்ட் நீலமும் ஊதாவுமா மாறியிருந்தா இதைத்தான் முதல்ல சந்தேகப்படணும். கேப் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் வெச்சுப் பாரு, சிகரெட் அட்டையை வெச்சு இல்ல. கேம்ல ஒரு மிளகு அளவு கிரீஸ் தடவு, ஹீல் தேயாது. அப்படியே அட்வான்ஸ் யூனிட்டோட வெயிட்டை விரலால விரிச்சு விடு. ஸ்பிரிங் அதைச் சட்டுனு இழுக்கணும். துருப்பிடிச்சு மாட்டிக்கிட்டிருந்தா, நீ எவ்வளவு வேகம் போனாலும் ஸ்பார்க் ஐடிலிங் நேரத்துலேயே விழுந்துக்கிட்டிருக்கும். இதுக்கு மாறா டைமிங்கை ரொம்ப முன்னாடி தள்ளி வெச்சாலும் ஆபத்துதான். மேடு ஏறும்போது உள்ள சில்லறைக் காசைக் குலுக்குற மாதிரி சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டா ஒரு கிலோமீட்டர் கூட அலட்சியமா ஓட்டாதே.

4. பெட்ரோல் பத்தாம எரியிறது. ப்ளக்கைக் கழட்டிப் பாரு. காப்பித்தூள் நிறம்னா நல்லது, வெள்ளையா சுண்ணாம்பு பூசின மாதிரின்னா பெட்ரோல் குறைவு, காத்து அதிகம், சூடு அதிகம். கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கிற பேக்கிங் வழியா காத்து புகுதான்னு பாரு. என்ஜின் ஐடிலிங்ல ஓடும்போது அந்த இணைப்புல ரெண்டு சொட்டு ஆயில் விடு, சத்தம் மாறினா அங்கதான் ஓட்டை. சத்தம் நல்லா இருக்கும்னு குட்டி சைலன்சர் மாட்டிட்டு ஜெட்டை மாத்தாம விட்டவங்க எல்லாரும் ஒரு நம்பர் பெரிய ஜெட் போட்டுப் பாருங்க. இன்னொரு காரணமும் இப்போ சேர்ந்திருக்கு. பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கிறதால, அதே ஜெட்ல கலவை முன்னைவிடக் கொஞ்சம் காத்துப் பக்கம் சாயும். புது வண்டியில கம்ப்யூட்டர் அதைச் சரிபண்ணிக்கும். உன் கார்புரேட்டருக்கு நீதான் கம்ப்யூட்டர்.

5. இழுவை. பிரேக் கதை மேலேயே சொல்லிட்டேன். செயின் ரொம்ப டைட்டா இருந்தாலும், டயர்ல காத்து கம்மியா இருந்தாலும் அதே கதைதான்.

6. ஆயில் மேல வரைக்கும் போகுதா? என்ஜின் ஐடிலிங்ல இருக்கும்போது ஹெட்டுக்கு மேல ராக்கருக்குப் போற சின்ன பைப்போட போல்ட்டை ஒரு சுத்து தளர்த்து. ஆயில் கசிஞ்சு வரணும். வரலேன்னா உடனே நிறுத்து. பம்போ, பைப் அடைப்போ, ஏதோ ஒண்ணு. மெக்கானிக்கிட்ட தள்ளிக்கிட்டுப் போ, ஓட்டிக்கிட்டுப் போகாதே.

7. டேப்பட். என்ஜின் முழுசா ஆறியிருக்கும்போது மட்டும் வை. புஷ்ராடு விரலால சுத்தணும், மேலயும் கீழயும் ஆடக் கூடாது. அவ்வளவுதான்.

8. ஆயில் கூலர். இதுதான் கடைசி, ஏழும் சரியா இருந்து, நீ ஆள் வெச்சு லக்கேஜ் வெச்சு நாள் கணக்கா நெடுஞ்சாலையில ஓட்டுறவனா இருந்தா மட்டும். நோயைக் கண்டுபிடிக்காம கூலர் மாட்டினா, ஜுரம் வந்த குழந்தைக்கு ஃபேன் போட்ட மாதிரி. தினசரி கடைக்குப் போற வண்டிக்கு அது கெடுதலே செய்யும். ஏன்னு கீழ சொல்றேன்.

ஆயில் வாங்கும்போது

20W-50. இதுல விவாதமே வேண்டாம். "வெயில் காலம்கா, இன்னும் கெட்டியா போடட்டுமா?"ன்னு கேக்காதே. கெட்டி ஆயில் காலையில ஸ்டார்ட் பண்ணின முதல் நிமிஷத்துல மேல ஏறவே நேரம் எடுக்கும், தேய்மானம் அங்கதான் நடக்கும். ஓடும்போது அதைத் தள்ளுறதுலேயே பம்பும் பேரிங்கும் தனியா சூடாகும். என் கணக்கு 2,000 கிலோமீட்டர் இல்லேன்னா ஆறு மாசம், எது முன்னாடி வருதோ அது. ஃபில்ட்டரையும் சேர்த்து மாத்து.

மாத்தினதும் ஒரு வேலை இருக்கு, நிறைய மெக்கானிக்குங்களே இதை விட்டுடறாங்க. ஃபில்ட்டர் அறை காலியா இருக்கும். அப்படியே ஸ்டார்ட் பண்ணினா அது நிரம்பி முடியிற வரைக்கும் பிக் எண்டுக்கு ஆயில் போகாது. ஃபில்ட்டர் மூடி நட்டை லேசாத் தளர்த்தி வெச்சுட்டு, டிகம்ப்ரஷன் லிவரைப் பிடிச்சுக்கிட்டு, ஸ்டார்ட் ஆகாம கிக்கரை மிதி. இருபது முப்பது மிதிக்கு அப்புறம் அங்க ஆயில் கசியும். அப்போ நட்டை இறுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணு. கால் வலிக்கும், வலிக்கட்டும்.

சூடு பத்தலேன்னாலும் கெடும்

இதைச் சொன்னா யாரும் நம்புறதில்ல. கோயிலுக்கு ரெண்டு கிலோமீட்டர், மார்க்கெட்டுக்கு ஒண்ணரை கிலோமீட்டர்னு மட்டும் ஓடுற புல்லட்டோட ஆயில் மூடியைக் கழட்டி உள்பக்கம் பாரு. பாலாடை மாதிரி வெளிர் மஞ்சளா ஏதோ ஒட்டியிருக்கும். விரல்ல எடுத்தா வழுவழுன்னு வரும். அது தண்ணியும் ஆயிலும் கடைஞ்ச வெண்ணெய். பெட்ரோல் எரிஞ்சா ஆவி வரும், ஆறின என்ஜினுக்குள்ள அது தண்ணியா படியும். ஆயில் 80, 90 டிகிரிக்கு ஏறி அங்கேயே கொஞ்ச நேரம் நின்னாத்தான் அந்தத் தண்ணி ஆவியாகி பிரீதர் வழியா வெளிய போகும். ஹெட் ரெண்டு மூணு நிமிஷத்துல சூடாயிடும், ஆயிலுக்குக் குறைஞ்சது கால் மணி நேர ஓட்டம் வேணும். சின்ன ஓட்டம் மட்டுமே ஓடுற வண்டியில கூலரும் மாட்டினா அது சூடே ஏறாது.

அதனால வாரத்துக்கு ஒரு தடவை 25 கிலோமீட்டர் ஓட்டு. வீட்டு வாசல்ல ஸ்டாண்டு போட்டு கால் மணி நேரம் ஐடிலிங்ல விடுறது அதுக்கு ஈடாகாது. காத்தில்லாம ஹெட் மட்டும் வேகும், ஆயில் ஏறாது, ப்ளக்ல கரி சேரும். காலையில ஸ்டார்ட் பண்ணினா ஒரு நிமிஷம், ஹெல்மெட் மாட்டுற நேரம், போதும். அப்புறம் முதல் நாலஞ்சு கிலோமீட்டர் சாந்தமா ஓட்டு.

ஃபோக்ஸ்வேகன் பீட்டில் வெச்சிருக்கிற தம்பிங்களும் கேக்கிறாங்க, அதனால ரெண்டு வரி. அதுல ஃபேனும் ஆயில் கூலரும் கம்பெனியே வெச்சிருக்கு, ஆயில் ரெண்டரை லிட்டர். பழைய மாடல்ல கூலர் ஃபேன் கூட்டுக்குள்ளேயே நின்னு மூணாம் சிலிண்டருக்குப் போற காத்தை மறிச்சுது. 1971 மாடல்லேர்ந்து அதைத் தனிக் கூட்டுக்கு மாத்தினாங்க. உங்க வண்டியில செய்யக் கூடாதது ஒண்ணே ஒண்ணு: என்ஜினைச் சுத்தி இருக்கிற தகரத்தையும் ரப்பர் பட்டையையும் "எதுக்கு இது"ன்னு கழட்டி வீசுறது. அது போனா கீழ இருக்கிற சூடான காத்தையே ஃபேன் மறுபடி மறுபடி உறிஞ்சும்.

ரோட்டுல போகும்போது

- டோல்கேட், ரயில்வே கேட்ல அரை நிமிஷத்துக்கு மேல நிக்கணும்னா என்ஜினை நிறுத்து. காத்து இல்லாத நேரம்தான் இந்த என்ஜினுக்குக் கெட்ட நேரம்.
- நெடுஞ்சாலையில 60, 65. உன்னால 90 போக முடியும்னு எனக்கும் தெரியும். அதுலேயே ஒரு மணி நேரம் நிக்கிறதுக்குச் செஞ்ச என்ஜின் இல்ல இது.
- 50 கிலோமீட்டருக்கு ஒரு டீ. உனக்கு இல்ல, அதுக்கு.
- புதுசா போர் பண்ணி பிஸ்டன் போட்டிருந்தா முதல் 500 கிலோமீட்டர் எல்லா எண்ணும் கூடத்தான் வரும். அந்த எண்ணை நோட்டுல எழுது, ஆனா ஒப்பிடாதே.
- சூடான என்ஜின்ல வாட்டர் வாஷ் கூடவே கூடாது. இரும்பு பேரல் ஒரு பக்கம் சுருங்கும், அலுமினிய ஹெட் வேற மாதிரி சுருங்கும். விரிசல் விட்டா வெல்டிங்ல நிக்காது.

இதையெல்லாம் நான் எப்படிக் கத்துக்கிட்டேன்னும் சொல்லிடறேன். அப்போ எனக்கு இருபத்து நாலு வயசு. சித்திரைத் திருவிழாவுக்கு அப்பாவோட புல்லட்ல திருச்சியிலேர்ந்து மதுரைக்குக் கிளம்பினேன், பின்னாடி என் சித்தி பொண்ணு, ரெண்டு பை. பகல் பதினோரு மணி. விராலிமலை தாண்டி கொஞ்ச தூரத்துல என்ஜின் சத்தம் ஒரு மாதிரி கம்மிப் போச்சு, தொண்டை கட்டின மாதிரி. வண்டி யாரோ பின்னாடி பிடிச்சு இழுக்கிற மாதிரி இழுத்துது. நான் என்ன பண்ணேன் தெரியுமா? இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். அடுத்த நொடி பின் சக்கரம் பிடிச்சு நின்னு, டயர் கிறீச்னு தேஞ்சுது. பயத்துல கை தானா கிளட்சைப் பிடிச்சதால விழாம தப்பிச்சோம்.

பக்கத்து டீக்கடையிலேர்ந்து வீட்டுக்கு ஃபோன் பண்ணேன். அப்பா திட்டல. "பாப்பா, கிளம்பும்போது ஆயில் பாத்தியா?"ன்னு மட்டும் கேட்டார். பாக்கல. பட்டறையில பிஸ்டனை எடுத்துக் கையில குடுத்தாங்க. எக்ஸாஸ்ட் பக்கம் விரல் அகலத்துக்குச் சாம்பல் நிறத்துல உரிஞ்சு, அலுமினியம் இழுபட்டு ரிங்கையே மூடியிருந்துது. பாயிண்ட் கேப்பை அளந்தா ஃபீலர் கேஜ்ல மெல்லிசு தகடு கூட நுழையல. ஆயில் கீழ்க் கோட்டுக்கும் கீழ. ரெண்டையும் காலையில பத்து நிமிஷத்துல பாத்திருக்கலாம்.

அதனால மனசுல பதிச்சுக்கோ. சத்தம் கம்மினாலோ, இழுவை குறைஞ்சாலோ, ஆயில் கருகுற வாடை வந்தாலோ: முறுக்காதே. முதல்ல கிளட்ச், அப்புறம் ஆக்ஸிலரேட்டரை மூடு, இடது ஓரமா உருள விடு. நிழல்ல நிறுத்து. கிக்கரை உடனே மிதிக்காதே. தண்ணி ஊத்தாதே. அரை மணி நேரம் சும்மா உக்காரு. ஆறினதும் ஆயில் அளவைப் பாரு, டிகம்ப்ரஷனைப் பிடிச்சுக்கிட்டு கிக்கரை மெதுவா அழுத்து. உள்ள எதுவும் உரசாம வழுக்கிக்கிட்டு இறங்கினா மட்டும் ஸ்டார்ட் பண்ணி, 40-ல வீட்டுக்கு வா. கரகரன்னு தட்டினா மினி லாரி சொல்லு.

வீட்டுக்கு வந்த உடனே கவர் போட்டு மூடாதே. சூடும் ஈரமும் உள்ளேயே நிக்கும். ஒரு மணி நேரம் திறந்து விடு, அந்த நேரத்துல நோட்டை எடு.

நோட்டு இன்னும் வாங்கலையா? பிள்ளைங்க போன வருஷம் எழுதாம விட்ட கடைசிப் பக்கங்கள் போதும். நாலு கோடு போடு. வர்ற ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்குக் கிளம்பு, போக வர 25 கிலோமீட்டர், வேகம் 60. திரும்பி வந்து வாசல்லேயே நிறுத்தி, ப்ரோப்பை விட்டு, வெளிய எவ்வளவு, உள்ள எவ்வளவுன்னு முதல் வரியை எழுது. சித்திரையில என்னைக் கூப்பிடும்போது அந்த நோட்டு கையில இருக்கணும்.